மூக்கின் சாட்சியமும் கருவியின் எண்ணும்

திருமங்கலத்திலிருந்து கொல்லம் செல்லும் தேசிய நெடுஞ்சாலை, புளியங்குடியையும் சொக்கம்பட்டியையும் கடந்து, எங்கள் கடையநல்லூரின் ஊடே புகுந்து தென்காசிக்குப் போகிறது. பகலெல்லாம் புளியரை வழியே கேரளம் செல்லும் சரக்கு லாரிகள். குற்றாலச் சாரல் காலத்தில் வெளியூர்க் கார்கள். இரவில் அதே சாலையில் காவலர்கள் தடுப்பு வைத்து, இரு சக்கர வாகனங்களை நிறுத்தி, ஊதச் சொல்வதும் நமக்குப் பழகிப்போன காட்சிதான்.

சென்ற ஆண்டு ஒருநாள் இஷா தொழுகை முடிந்து பள்ளிவாசல் முற்றத்தில் நின்றிருந்தேன். நெடுநாள் பழகிய ஒருவர் என்னைத் தனியே அழைத்தார். அவருடைய மகனுக்கு வயது இருபத்து மூன்று. வளைகுடா செல்வதற்குக் கடவுச்சீட்டு எடுக்கக் காத்திருந்தவன். முந்தைய இரவு அவனை நிறுத்தி ஊதச் சொல்லியிருக்கிறார்கள். கருவி ஒலித்திருக்கிறது. வண்டியை நிலையத்தில் வைத்துக்கொண்டு, நீதிமன்றத்துக்கு வரச் சொல்லி அனுப்பிவிட்டார்கள். "இருமலுக்கு டானிக் குடித்தேன், அவ்வளவுதான்" என்று பையன் சத்தியம் செய்கிறான்.

தந்தையாருக்கு அதற்குள் இரண்டு ஆலோசனைகள் கிடைத்திருந்தன. "கோர்ட்டில் ஒத்துக்கொண்டு பணத்தைக் கட்டிவிடுங்கள், வழக்கு நிலுவையில் இருந்தால் பாஸ்போர்ட் நின்றுவிடும்" என்றார் ஒருவர். "யாரையாவது பிடித்து வழக்கே இல்லாமல் செய்துவிடலாம்" என்றார் மற்றொருவர். எதைச் செய்வது என்று என்னிடம் கேட்டார். அவர் கேட்டதற்கு அன்றிரவு நான் சொன்ன பதிலைச் சற்று விரித்து இங்கே எழுதுகிறேன். ஏனெனில் இந்தப் பேச்சு நம் வீடுகளில் அடிக்கடி நடக்கிறது. தாழ்ந்த குரலில், வெட்கத்தோடு, அரைகுறைச் செய்திகளை வைத்துக்கொண்டு நடக்கிறது.

குடித்துவிட்டு வண்டி ஓட்டுவது குற்றம் என்பது மோட்டார் வாகனத்தின் வயதை ஒட்டிய செய்தி. 1897 செப்டம்பர் 10 அன்று லண்டனில் ஜார்ஜ் ஸ்மித் என்ற மின்சார வாடகைக் கார் ஓட்டுநர் ஒரு கட்டடத்தின் மீது வண்டியை மோதினார். குடித்திருந்ததை அவரே ஒப்புக்கொண்டார், அபராதம் விதிக்கப்பட்டது. அவர் ஒப்புக்கொண்டதால் நிரூபிக்கும் வேலை யாருக்கும் இல்லாமற்போயிற்று. ஒப்புக்கொள்ளாதவரை என்ன செய்வது என்பதே அடுத்து வந்த நூறாண்டுகளின் கேள்வி.

நம் மாகாணத்தில் இந்தக் கேள்வி வேறொரு கேள்வியோடு பின்னிக்கிடந்தது. இராஜாஜி அமைச்சரவை 1937 அக்டோபர் 1 அன்று சேலம் மாவட்டத்தில் மதுவிலக்கைத் தொடங்கியது. ஓமந்தூர் இராமசாமி ரெட்டியார் முதல்வராக இருந்தபோது, 1948 அக்டோபர் 2 முதல் மாகாணம் முழுவதும் அது நடைமுறைக்கு வந்தது. மதுவிலக்குக் காலத்தில் காவலர் கேட்கவேண்டியது ஒன்றே: "இவன் குடித்தானா?" வண்டி ஓட்டினானா, நடந்து போனானா என்பது இரண்டாம்பட்சம். ஆனால் 1939ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 117ஆம் பிரிவு கேட்டது வேறு. வண்டியைச் சரிவரக் கட்டுப்படுத்த இயலாத அளவுக்குப் போதையில் இருந்தானா என்றது அது. முதல் கேள்விக்கு வாயின் வாடை போதும் என்று காவலர்கள் கருதினர். இரண்டாவது கேள்விக்குத் தள்ளாட்டமும் குழறலும் சாட்சியாயின. இரண்டுக்கும் அளவு எதுவும் கிடையாது. ஆய்வாளரின் மூக்கும் மருத்துவரின் கண்ணுமே தராசு.

அந்தத் தராசின் நேர்மையைச் சோதித்த வழக்கு பம்பாயில் எழுந்தது. 1951 மே 29 இரவு ஒன்பதரை மணியளவில் கொலாபா நோக்கிச் சென்றுகொண்டிருந்த ஒரு ஜீப் மூவர் மீது மோதியது. ஓட்டியவர் பெஹ்ராம் குர்ஷெத் பெசிகாகா. அவர் வகித்த பதவியைக் கேட்டால் வாசகர்கள் வியப்படைவார்கள்: பம்பாய் வட்டாரப் போக்குவரத்துக் கட்டுப்பாட்டு அதிகாரியாக அப்போது பொறுப்பு வகித்தவர் அவர்! மருத்துவர் பரிசோதித்தார். வாயில் ஆல்கஹால் வாடை இருந்தது, கண்கள் சிவந்திருந்தன. ஆனால் பேச்சு தெளிவாக இருந்தது, நேர்கோட்டில் நடக்க முடிந்தது. ஏதோ ஒரு வடிவில் ஆல்கஹால் உட்கொண்டிருக்கிறார், ஆனால் அதன் ஆதிக்கத்தில் இருப்பதாகத் தெரியவில்லை என்பது மருத்துவரின் கருத்து. பெசிகாகாவோ, உடல்நலத்துக்காக ஆல்கஹால் கலந்த ஒரு டானிக்கைக் குடித்ததாகச் சொன்னார்.

நம் பையன் சொன்ன அதே பதில்!

கீழ்மன்றம் அவரை எல்லாக் குற்றச்சாட்டுகளிலிருந்தும் விடுவித்தது. பம்பாய் உயர் நீதிமன்றம் மதுவிலக்குச் சட்டத்தின்படி அவரைக் குற்றவாளி என்று கூறிச் சிறைத்தண்டனை விதித்தது. வழக்கு உச்ச நீதிமன்றத்துக்குப் போயிற்று. அந்த விபத்துக்கு நான்கு நாள் முன்னர்தான், மே 25 அன்று, பால்சாரா வழக்கில் உச்ச நீதிமன்றம் ஒரு முக்கியத் தீர்ப்பை வழங்கியிருந்தது. மதுவை அரசு தடை செய்யலாம். ஆனால் ஆல்கஹால் கலந்த மருந்துகளையும் ஒப்பனைப் பொருள்களையும் உட்கொள்வதைத் தடுக்கும் பகுதி செல்லாது என்பது அத்தீர்ப்பு. ஆகவே பெசிகாகா வழக்கில் கேள்வி கூர்மையாயிற்று. குடித்தது மருந்துதான் என்று குற்றம் சாட்டப்பட்டவர் நிரூபிக்கவேண்டுமா? அல்லது குடித்தது தடைசெய்யப்பட்ட மதுதான் என்று அரசு நிரூபிக்கவேண்டுமா?

நீதிபதிகளிடையே ஒருமித்த கருத்து இல்லை. மூவர் அமர்விலிருந்து வழக்கு பெரிய அமர்வுக்குச் சென்றது. தலைமை நீதிபதி மெஹர் சந்த் மகாஜன் உள்ளிட்ட பெரும்பான்மையினர், நிரூபிக்கும் சுமை அரசைச் சார்ந்தது என்றனர். வாடை, வயிற்றுக்குள் போனது மருந்தா மதுவா என்று சொல்லாது. பெசிகாகா விடுதலையானார். உண்மையில் அவர் டானிக்தான் குடித்தாரா என்பது அவருக்கும் அவரைப் படைத்தவனுக்குமே தெரியும். தீர்ப்பு அதைப் பற்றிப் பேசவில்லை. ஒருவனைத் தண்டிப்பதற்கு முன் அரசு எவ்வளவு தூரம் நடந்து வரவேண்டும் என்பதைப் பற்றியே பேசியது.

இந்த இடத்தில் நம் வாசகர்களுக்கு மட்டும் புரியக்கூடிய ஒரு பழைய விவாதத்தை நினைவூட்டவேண்டும். வாயின் வாடையைக் கொண்டு மது அருந்தியதற்கான ஹத் தண்டனையை நிறைவேற்றலாமா என்பது ஃபிக்ஹு நூல்களில் ஆயிரம் ஆண்டுகளுக்கு மேலாகப் பேசப்பட்டுவரும் கேள்வி. இமாம் மாலிக் (ரஹ்) அவர்கள், தகுதியான சாட்சிகள் வாடையை உறுதிப்படுத்தினால் தண்டிக்கலாம் என்றார்கள். ஹிம்ஸ் நகரில் குர்ஆன் ஓதிக் காட்டிய சபையில் தம்மோடு வாதிட்ட ஒருவரிடம் மது வாடையை உணர்ந்து தண்டனை அளித்த இப்னு மஸ்ஊத் (ரலி) அவர்களின் நிகழ்ச்சி அதற்கு ஆதாரமாகக் காட்டப்படுகிறது. ஆனால் இமாம் அபூஹனீஃபா, இமாம் ஷாஃபிஈ (ரஹ்) உள்ளிட்ட பெரும்பான்மையினர் வாடை மட்டும் போதாது என்றனர். தமிழகத்தில் நாம் பின்பற்றும் இரு மத்ஹபுகளின் நிலையும் இதுவே. அவர்கள் பக்கம் நின்ற அறிஞர்கள் கூறிய காரணங்களைப் பாருங்கள்: வாய் மட்டும் கொப்பளித்துத் துப்பியிருக்கலாம், தண்ணீரென்று எண்ணிக் குடித்திருக்கலாம், பிறர் வற்புறுத்தி ஊற்றியிருக்கலாம், வேறு ஏதோ கனியின் வாடையாகவும் இருக்கலாம். சந்தேகம் இருக்கும்போது ஹத் தண்டனை விலக்கப்படும் என்பது அவர்கள் ஊன்றி நின்ற விதி.

கலீஃபா உமர் (ரலி) அவர்களின் நிகழ்ச்சி இவ்விரண்டுக்கும் நடுவே நிற்கிறது. தம் மகன் உபைதுல்லாஹ்விடமே பானத்தின் வாடையை அவர்கள் உணர்ந்தார்கள். "மகன்தானே" என்று மூடி மறைக்கவில்லை. வாடை அடித்ததென்று உடனே சாட்டையையும் எடுக்கவில்லை. அவன் குடித்தது என்ன பானம் என்று விசாரிக்கப்போவதாகவும், அது போதை தருவதாயின் தண்டிக்கப்போவதாகவும் அறிவித்தார்கள். விசாரித்தார்கள், பிறகே தண்டித்தார்கள். இந்தியக் குடிமகனுக்கு ஹத் சட்டம் பொருந்தாது. இங்கே ஆள்வது நாடாளுமன்றம் இயற்றிய சட்டம். ஆயினும் அந்தப் பழைய நூல்களையும் பெசிகாகா தீர்ப்பையும் அடுத்தடுத்து வாசிக்கும்போது, மூக்கின் மீதான அவநம்பிக்கை இரண்டிலும் ஒன்றாகவே இருப்பதைக் கண்டு நான் வியந்ததுண்டு.

மூக்கை நம்ப முடியாதென்றால் வேறு எதை நம்புவது? ஐரோப்பாவில் விடை வேதியியலிலிருந்து வந்தது. உடலில் ஆல்கஹால் எப்படிப் பரவி எப்படிக் கரைகிறது என்பதை ஸ்வீடன் நாட்டு அறிஞர் எரிக் விட்மார்க் கணக்கிட்டுக் காட்டினார். 1936இல் நார்வே நாடு, ரத்தத்தில் இவ்வளவுக்கு மேல் இருந்தால் குற்றம் என்று எண்ணால் எல்லை வகுத்தது. 1954இல் அமெரிக்காவின் இண்டியானாவைச் சேர்ந்த ராபர்ட் போர்க்கன்ஸ்டைன், சாலையிலேயே மூச்சை அளக்கும் கருவியை உருவாக்கினார். பிரிட்டன் 1967இல்தான் 100 மில்லி லிட்டர் ரத்தத்துக்கு 80 மில்லி கிராம் என்ற வரம்பைச் சட்டமாக்கியது.

இந்தியாவில் முதலில் விழித்துக்கொண்டது, பெசிகாகா வழக்கில் தோற்ற பம்பாய் அரசு. 1959இல் தன் மதுவிலக்குச் சட்டத்தைத் திருத்தி, ரத்தப் பரிசோதனைக்கு வழி செய்தது. 100 மில்லி லிட்டருக்கு 50 மில்லி கிராம் அளவை எட்டினால், அது மருந்தால் வந்தது என்று காட்டும் பொறுப்பு குற்றம் சாட்டப்பட்டவருக்கு மாறும் என்றது. அளவு வந்ததும் வழக்கறிஞர்களின் கேள்வியும் மாறிற்று. ரத்தத்தை யார் எடுத்தார்? எந்தக் குப்பியில் அடைத்தார்? முத்திரை இருந்ததா? ஆய்வகத்துக்குப் போனது அதே குப்பிதானா? 1961இல் துலியா நகரில் நடந்த விபத்தைச் சார்ந்த உக்கா கோல்ஹே வழக்கில், ரத்த மாதிரி பற்றிய சாட்சியத்தில் ஓட்டைகள் இருந்தன. அவற்றை அடைத்துக்கொள்ள அரசுத் தரப்புக்கு வாய்ப்பளிப்பதற்காக மட்டும் மறுவிசாரணைக்கு உத்தரவிடுவது முறையன்று என்று 1963இல் உச்ச நீதிமன்றம் கூறியது. 1971இல் பச்சுபாய் ஹசனலி கர்யானி வழக்கு. அங்கே வாடை, தள்ளாட்டம், குழறல், விரிந்த கண்மணி ஆகிய நான்கும் இருந்தன. ரத்தமும் எடுத்து அனுப்பப்பட்டிருந்தது. ஆய்வறிக்கை மட்டும் நீதிமன்றத்துக்கு வரவேயில்லை. எடுத்த ரத்தத்தின் முடிவைக் காட்டாமல், அறிகுறிகளை மட்டும் கொண்டு அவர் குடித்திருந்தார் என்ற முடிவுக்கு வர இயலாது என்றது உச்ச நீதிமன்றம்.

இதற்கிடையே தமிழகத்தில் தரை மாறிவிட்டது. 1971 ஆகஸ்டில் மதுவிலக்கு தளர்த்தப்பட்டது, சில ஆண்டுகளில் திரும்ப வந்தது, மீண்டும் போயிற்று. 1983இல் டாஸ்மாக் நிறுவனம் உருவாயிற்று. 2003இன் இறுதியில் சில்லறை விற்பனையும் அதன் கைக்கே வந்தது. நம் மார்க்கத்தில் என்றைக்கும் ஹராமாக இருப்பது, நாட்டின் சட்டத்தில் வயது வந்தவருக்குக் குற்றமன்று என்றாயிற்று. சாலையில் நிற்கும் காவலருக்கு "குடித்தானா?" என்ற கேள்வி இனி உதவாது. "எவ்வளவு?" என்பதே மிஞ்சியது.

அந்தக் கேள்விக்கான இன்றைய விடை 1988ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 185ஆம் பிரிவில் உள்ளது. 1989 ஜூலை 1 அன்று அது நடைமுறைக்கு வந்தபோது, ரத்தத்தில் எவ்வளவு சிறிய அளவு ஆல்கஹால் இருந்தாலும் குற்றம் என்றே எழுதப்பட்டிருந்தது. கேட்பதற்கு நமக்கு உவப்பானதே. ஆனால் அப்படியானால் இருமல் மருந்து குடித்தவனும் குற்றவாளிதான். 1994ஆம் ஆண்டுத் திருத்தம் அதை மாற்றி, 100 மில்லி லிட்டர் ரத்தத்துக்கு 30 மில்லி கிராமுக்கு மேல் என்று வரம்பிட்டது. பிரிட்டனின் வரம்போடு ஒப்பிட்டால் இது மிகக் கடுமையான எல்லை. அதே நேரம் மருந்து குடித்தவன் மூச்சுவிட இடம் தந்த எல்லையும் இதுவே.

2019 செப்டம்பர் 1 முதல் தண்டனை உயர்ந்தது. முதல் முறை ஆறு மாதம் வரை சிறை அல்லது 10,000 ரூபாய் அபராதம் அல்லது இரண்டும். அடுத்த முறை இரண்டு ஆண்டு வரை சிறை அல்லது 15,000 ரூபாய் அல்லது இரண்டும். தலைக்கவசம் இல்லாததற்குச் சாலையிலேயே பணம் கட்டி முடித்துக்கொள்வது போல இதை முடிக்க இயலாது. சமரசமாகக் கட்டி முடிக்கத்தக்க குற்றங்களைப் பட்டியலிடும் 200ஆம் பிரிவில் 185 இல்லை. நடுவர் முன் நின்றே ஆகவேண்டும். சாலையில் யாரேனும் பணம் கேட்டால், அது அபராதம் அன்று. வேறு பெயர் அதற்கு.

இனி, பிடிபட்டவனின் உரிமைகள். இவற்றைப் படிக்கும்போது பெசிகாகாவும் கர்யானியும் பின்னால் நிற்பதை வாசகர் உணரலாம்.

சீருடையில் உள்ள காவல் அதிகாரி, நியாயமான சந்தேகம் இருந்தால் ஊதச் சொல்லலாம் என்கிறது 203ஆம் பிரிவு. கருவி மத்திய அரசு ஒப்புதல் அளித்த வகையாக இருக்கவேண்டும். ஆல்கஹால் இருப்பதாகக் கருவி காட்டினால் பிடியாணையின்றிக் கைது செய்யலாம். கைதானவருக்கு நிலையத்தில் மீண்டும் ஒருமுறை ஊத வாய்ப்புத் தரவேண்டும். இந்த இரண்டாம் வாய்ப்பை நம்மில் யாரும் கேட்டுப் பெறுவதில்லை. ஆனால் விஷயம் இருப்பது இங்கேதான். வாய் கொப்பளிக்கும் மருந்தோ சற்று முன் விழுங்கிய டானிக்கோ வாயிலேயே தங்கியிருந்தால், கருவி நுரையீரல் காற்றை அளக்காமல் வாயின் ஈரத்தை அளந்துவிடும். கால்மணி நேரம் போனால் அந்த வாய்ப்பூச்சு மறைந்துவிடும். ரத்தத்தில் கலந்தது மறையாது. "வாய் மட்டும் கொப்பளித்திருக்கலாம்" என்று ஃபகீஹுகள் எழுப்பிய ஐயத்துக்கு, இக்காலத்தில் இருபது நிமிட இடைவெளி விடை சொல்லிவிடுகிறது.

கருவியில் ஆல்கஹால் தெரிந்தாலும், ஊத மறுத்தாலும், பதிவு பெற்ற மருத்துவர் மூலம் ரத்தம் எடுக்கக் கோரலாம் (204ஆம் பிரிவு). ஓட்டியவர் பெண்ணாகவும் மருத்துவர் ஆணாகவும் இருந்தால், மற்றொரு பெண்ணின் முன்னிலையிலேயே ரத்தம் எடுக்கவேண்டும். நம் பெண்மக்களும் ஸ்கூட்டர் ஓட்டும் காலம் இது. இதை அவர்களும் அறிந்திருக்கட்டும்.

202ஆம் பிரிவு இன்னும் முக்கியமானது. இக்குற்றத்துக்காகக் கைது செய்யப்பட்டவரை இரண்டு மணி நேரத்துக்குள் மருத்துவப் பரிசோதனைக்கு உட்படுத்தவேண்டும். தவறினால் காவலிலிருந்து விடுவிக்கவேண்டும். ஏன் இரண்டு மணி நேரம்? உடல் ஒரு மணி நேரத்தில் ஏறத்தாழ 15 மில்லி கிராம் அளவுக்கு ஆல்கஹாலைக் கரைத்துவிடுகிறது. இரண்டு மணி நேரம் தாமதித்தால் சட்டத்தின் முழு வரம்பான 30 மில்லி கிராமே காணாமற்போகலாம். ஆகவே இந்தக் கெடு, குற்றம் சாட்டப்பட்டவனை வீணாக உட்கார வைக்காமல் காக்கிறது. உண்மையில் குடித்தவனின் சாட்சியம் ஆவியாகிவிடாமலும் காக்கிறது.

ஊத மறுத்தால் தப்பலாம் என்று இளைஞர்களிடையே ஒரு பேச்சு உலவுகிறது. அது பிழை. தக்க காரணமின்றி மறுத்தால், அந்த மறுப்பே எதிர்த்தரப்புச் சாட்சியத்துக்கு வலுச்சேர்க்கும் சூழ்நிலையாகக் கொள்ளப்படலாம் என்கிறது 205ஆம் பிரிவு. "எனக்கு எதிராக நானே சாட்சியாக மாட்டேன்" என்ற அரசமைப்பு உரிமையும் இங்கே உதவாது. 1961இல் காத்தி காலு ஓகத் வழக்கில் பதினோரு நீதிபதிகள் கொண்ட அமர்வு, உடலிலிருந்து கிடைக்கும் அடையாளங்கள் வேறு, வாயால் தரும் வாக்குமூலம் வேறு என்று கோடு கிழித்தது. விரல்ரேகை, ரத்தம் முதலியவை முதல் வகை. இரண்டாவது வகைக்கோ முழுப் பாதுகாப்பு உண்டு. பயந்துபோய்க் காவலரிடம் "ஆமாம் ஐயா, குடித்தேன்" என்று சொன்னது, நீதிமன்றத்தில் ஒப்புதல் வாக்குமூலமாக நிற்காது.

மற்றவை எல்லாக் கைதுக்கும் உரியவை: காரணத்தைக் கூறவேண்டும், உறவினருக்குத் தெரிவிக்கவேண்டும், வழக்கறிஞரைக் கலந்துகொள்ள அனுமதிக்கவேண்டும், பிணையில் விடத்தக்க குற்றம் என்பதால் பிணை அவனுடைய உரிமை, யாருடைய தயவும் அன்று. வழக்கறிஞருக்குக் கொடுக்க வழியில்லாதவருக்கு 1987ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி இலவசச் சட்ட உதவி உண்டு.

இவ்வளவும் இருக்க, நம் வீடுகளில் நடப்பது என்ன? "ஒத்துக்கொண்டு கட்டிவிடு." கடவுச்சீட்டுச் சட்டம், குற்ற வழக்கு நிலுவையில் உள்ளவருக்கு மறுக்க இடம் தருகிறது என்பது உண்மையே. வெளிநாட்டுப் பிழைப்பை நம்பிய ஊரில் அந்த அச்சம் இயல்பு. இங்கிருந்து குடும்பம் குடும்பமாகக் கடல் கடந்து, சிங்கப்பூரில் 1941லேயே சங்கம் கண்டவர்கள் நம்மவர்கள். ஆனால் ஒப்புக்கொண்ட மறுகணம் அவன் தண்டனை பெற்றவன். அடுத்த முறை அது "இரண்டாம் குற்றம்". செய்யாத தவறை வசதிக்காக ஒப்புக்கொள்வதற்குப் பெயர் பொய்ச் சாட்சியம். தனக்கு எதிராகச் சொன்னாலும் பொய் பொய்தான். அந்தச் சிங்கப்பூரிலோ, முதல் முறை பிடிபட்டவருக்கே குறைந்தது இரண்டு ஆண்டுகள் வாகனம் ஓட்டத் தடை என்பதை இங்கிருந்து போகும் இளைஞர்கள் அறிந்துகொள்வது நல்லது.

மறுபக்கத்தையும் பார்க்கவேண்டும். உரிமைகளை மட்டும் பேசிக்கொண்டிருந்தால், சாலையோரம் கிடப்பவர் மறந்துபோவார். 2006 நவம்பர் 12 அதிகாலையில் மும்பை கார்ட்டர் சாலையில், நடைபாதையில் உறங்கிய தொழிலாளர்கள் மீது ஒரு கார் ஏறியதில் ஏழு பேர் இறந்தனர். ஓட்டிய அலிஸ்டர் பெரேராவின் ரத்தத்தில் இந்திய வரம்பைப்போல் மூன்று மடங்குக்கு மேல் ஆல்கஹால் இருந்தது. இதை வெறும் கவனக்குறைவாகக் கருத முடியாது, கொலையாகாத மரணம் விளைவித்த குற்றமே என்று 2012இல் உச்ச நீதிமன்றம் உறுதி செய்தது. ஏழு உயிருக்கு மூன்று ஆண்டுச் சிறை. அது போதாதென்று நினைப்பவர்களில் நானும் ஒருவன். அதே மும்பையில் 2002இல் நடைபாதைத் தொழிலாளி ஒருவர் உயிரிழந்த நிகழ்ச்சியில், நடிகர் சல்மான் கான் 2015 டிசம்பரில் உயர் நீதிமன்றத்தால் விடுவிக்கப்பட்டார். ரத்த மாதிரியைக் கையாண்டதில் இருந்த குறைகளும், ஓட்டியவர் அவரே என்பது ஐயமற நிறுவப்படாததும் அத்தீர்ப்பில் பேசப்பட்டன. பரிசோதனையை ஒழுங்காகச் செய்யாத விசாரணை, நிரபராதிக்குத் துரோகம் செய்வது போலவே இறந்தவருக்கும் துரோகம் செய்கிறது.

பணத்தின் பக்கமும் உண்டு. டெல்லி இந்தியா கேட் அருகே 2007இல் நொறுங்கிய ஒரு விலையுயர்ந்த காருக்கு இழப்பீடு கேட்ட பெர்ல் பீவரேஜஸ் வழக்கில், 2021 ஏப்ரலில் தீர்ப்பு வந்தது. மூச்சுப் பரிசோதனை எண் இல்லாவிட்டாலும், மற்றச் சூழ்நிலைகளைக் கொண்டு ஓட்டுநர் மதுவின் ஆதிக்கத்தில் இருந்தார் என்று காப்பீட்டு நிறுவனம் நிறுவலாம் என்றது உச்ச நீதிமன்றம். தண்டிப்பதற்கு வேண்டிய சான்று வேறு. காப்பீட்டை மறுப்பதற்குப் போதுமான சான்று வேறு. குற்ற வழக்கில் தப்பியவர், காருக்கான பணத்தை இழக்கக்கூடும்.

அரசைப் பற்றியும் ஒரு சொல். ஒரு கையால் விற்றுக்கொண்டு மறு கையால் ஊதச் சொல்லும் முரண்பாட்டை நீதிமன்றத்துக்குக் கொண்டுபோனவர் தமிழகத்து வழக்கறிஞர் கே. பாலு. அவர் தொடுத்த வழக்கில் 2016 டிசம்பர் 15 அன்று உச்ச நீதிமன்றம், நெடுஞ்சாலைகளிலிருந்து 500 மீட்டருக்குள் மதுக்கடை கூடாது என்றது. 2017 ஏப்ரலில் தமிழகத்தில் மூவாயிரத்துக்கும் மேற்பட்ட கடைகள் மூடப்பட்டன. ஆனால் அதே ஆண்டு ஜூலையில் வந்த விளக்கத்தால், நகராட்சி எல்லைக்குள் செல்லும் சாலைகளுக்கு அந்தத் தடை கட்டாயமில்லை என்றாயிற்று. நெடுஞ்சாலை ஊடறுத்துச் செல்லும் கடையநல்லூர் போன்ற நகராட்சிகளுக்கு அந்த ஒரு வரி எவ்வளவு பெரியது என்பதை வெளியூர்க்காரர் உணரமாட்டார்.

அன்றிரவு அந்தத் தந்தையாரிடம் இவ்வளவும் சொல்லவில்லை. கருவி அச்சிட்டுத் தந்த சீட்டைக் கொண்டுவாருங்கள் என்று மட்டும் சொன்னேன். மறுநாள் அஸருக்குப் பின் மகனோடு வந்தார். சாலையில் ஊதியபோது 84. நிலையத்தில் இருபத்தைந்து நிமிடம் கழித்து மீண்டும் ஊத வைத்திருக்கிறார்கள், 79. இரண்டு கரண்டி டானிக்கால் எட்டக்கூடிய எண்கள் அல்ல அவை. வாயின் ஈரம் என்று சொல்லவும் வழியில்லை. நான் எதுவும் பேசவில்லை. தந்தையார் சீட்டைத் தம் கண்ணாடிக்கு அருகே பிடித்து இருமுறை படித்தார். பிறகு மகனிடம், "என்ன குடிச்சே?" என்று மட்டும் கேட்டார். பையன் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றான். சற்று நேரம் கழித்துச் சொன்னான்.

"ஆளைப் பிடிக்கலாம்" என்றவருக்கு அவர் மறுமொழி சொல்லியனுப்பவில்லை. நீதிமன்றத்துக்கு மகனோடு தாமே போனார். நடுவர் கேட்டபோது பையன் ஒப்புக்கொண்டான். பயணச்சீட்டுக்கென்று சேர்த்திருந்த பணத்திலிருந்து அபராதம் கட்டப்பட்டது. ஓட்டுநர் உரிமம் வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்துக்குப் போய்விட்டது. அதற்கடுத்த வாரம் காலையில் தென்காசிப் பேருந்தில் அவனைப் பார்த்தேன். கம்பியைப் பிடித்து நின்றுகொண்டிருந்தவன், என்னைக் கண்டதும் ஸலாம் சொன்னான்.